தொட்டியிலிருந்து நாற்பது

ஐப்பசி 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எதிர்மலை தெரியவில்லை. லயத்துப் பீலியில், எங்கள் வரிசை வீடுகளின் பொதுக் குழாயில், தண்ணீர் இல்லை. போன மாதமே நூல் மாதிரிதான் வந்தது, இன்று அதுவும் நின்றது.

சனிக்கிழமை என் வீட்டுக்காரருடைய முதல் தெவசம். நூறு பேருக்குச் சாப்பாடு. வாங்க வேண்டியது: பருப்பு, அப்பளம், கற்பூரம், வாழை இலை (மஸ்கெலியாவில்தான்). தண்ணீரையும் பட்டியலில் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஆமியில், அதாவது ராணுவத்தில், பன்னிரண்டு வருஷம் குழாய் போட்டவர். தோட்டத்துக்கு வந்த பிறகு முப்பது வருஷம் அதே வேலை. அவர் இருந்தவரை இந்த லயத்துப் பீலி ஒருநாளும் காய்ந்ததில்லை. அவர் தெவசத்துக்கு ஆற்றிலிருந்து குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும். எனக்குத் தாங்காது.

அடுத்த வீட்டுப் புஷ்பம்: "ஆமி அண்ணே இருந்தா இந்நேரம் மம்பட்டியோட மேல போயிருப்பாரு அக்கா."

"அவரு இருந்தா தெவசமே இல்லியேடி" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

10, புதன்

மகன் ரவி கொழும்பிலிருந்து வந்தான். இளைத்திருக்கிறான். தோட்டத் தலைவர் ஆபீசில் கேட்டாராம், குழாய் பார்க்க அடுத்த கிழமைதான் ஆள் வருமாம்.

விஷயம் சின்னது. மழைக்குக் குழாயில் சேறு இறங்கும். நடுவழியில் ஒரு வால்வு உண்டு, திறந்தால் சேறெல்லாம் வெளியே போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் அவர்தான் திறப்பார். பிள்ளைகள் நோண்டுவார்கள் என்று பலகை வைத்து மண் போட்டு மூடியிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியாது, கட்டியவளுக்கும்தான். கேட்டால், "கொப்பியில எழுதியிருக்கு" என்பார்.

அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். ஆமிச் சட்டை, நான்காக மடித்தபடி. துப்பாக்கி தூக்கியதைவிடக் குழாய் தூக்கியதுதான் அதிகம் என்பார். இனப் பிரச்சினை வந்த காலத்தில் ஆமியில் தமிழன் என்று சந்தேகமாகப் பார்த்தார்கள், தோட்டத்தில் ஆமிக்காரன் என்று பார்த்தார்கள். அவர் எல்லா லயத்துக்கும் தண்ணீர் இழுத்துக் கொடுத்தார். பேச்சு தானாக நின்றது.

அவர் குறிப்பு எழுதும் கொப்பி பெட்டியின் அடியில் இருந்தது. "பெரிய தொட்டி மூலை. கோயில் பக்கம் நேரே 40. ஒரு முழம் ஆழம்." அவ்வளவுதான். எனக்குக் கடிதமும் இப்படித்தான் எழுதுவார்: நலம். லீவு 10 நாள். அரிசி வாங்கவும்.

11, வியாழன்

ரவி தொட்டி மூலையிலிருந்து நாற்பது அடி வைத்துத் தோண்டினான். வெறும் மண். அப்பா குட்டை என்று காலைக் குறுக்கி எண்ணினான். அங்கேயும் இல்லை. மத்தியானத்துக்குள் மூன்று குழி.

"அப்பா தப்பா எழுதிட்டாரும்மா. வயசான காலத்துல எழுதுனது."

"அவரு தப்பா எழுத மாட்டாரு" என்று சத்தம் போட்டேன். உள்ளுக்குள் பயம்தான். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து நன்றாகத் திட்டினேன். போகிறவர் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

12, வெள்ளி

மழை விட்டது. புஷ்பத்தோடு ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போனேன். படியை எண்ணிக்கொண்டே இறங்கினாள். சட்டென்று ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிது. கோயிலுக்கு நடக்கிறோம். அவர் வாய்க்குள் முணுமுணுக்கிறார். மந்திரம் என்று நினைத்தேன். கோயில் வாசலில் "முந்நூறு" என்றார். நானும் எண்ணியிருந்தேன், அறுநூறு.

"பள்ளிக்கூடம் போனீங்களா இல்லியா?"

"ஆமியில எடது காலு ஊன்றதத்தான் எண்ணுவோம் புள்ள. வலது காலு சும்மா கூட வரும்."

"அப்ப நான்தான் ஒங்க வலது காலு. கூட வாரேன், கணக்குல இல்ல."

அன்று முழுக்கச் சிரித்தார்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மேலே ஏறினேன். முழங்கால் வலி எங்கே போனதோ. தொட்டி மூலையிலிருந்து நானே நடந்தேன், இடது காலை மட்டும் எண்ணி. அவரோடு நடந்து நடந்து என் அடியும் அவர் அளவுதான். நாற்பது, மழைத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது.

"இங்க குத்து."

ரவி இரண்டாம் தரம் மண் கிளறும் இரும்பு முள்ளைக் குத்தியதும் பலகை தட்டியது. கீழே வால்வு. கிரீஸ் பூசி, பழைய சட்டைத் துணி சுற்றி, அவர் போடும் முடிச்சு. ரவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவிழ்த்தான், வால்வைத் திறந்தான்.

பத்து நிமிஷம் சிவப்புச் சேறு. பிறகு தெளிந்த தண்ணீர். வால்வை மூடியதும் கீழே பீலியடியில் பெண்கள் கத்துவது கேட்டது. சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

13, சனி

தெவசம் நல்லபடியாக முடிந்தது. நூறு என்று நினைத்தோம், இலை போதவில்லை. ரசத்தில் உப்பு கூடுதல், யாரும் சொல்லவில்லை.

பொல்பிட்டியவிலிருந்து அவரோடு ஆமியில் இருந்த சிங்களவர், சுனில் மாத்தையா வந்தார். பீலியில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தார். "கேம்ப்லயும் இவரு போட்ட தண்ணிதான் நாங்க குடிச்சது" என்றார். இன்னொரு கை பிடித்துக் குடித்தார்.

தலைவர்: "அந்தக் கொப்பிய ஆபீஸ்ல குடுத்துட்டா நல்லதுங்க அக்கா."

"குடுக்கலாம் தலைவரே. எண்ணத் தெரிஞ்ச ஆளு வேணுமே?"

14, ஞாயிறு

நல்ல வெயில். ரவி பஸ் ஏறிவிட்டான். துணி துவைக்க வேண்டும்.

மேல் லயத்துப் பீலி ஒழுகுகிறதாம். வாசலில் நாலு பேர். "செல்லம்மாக்கா, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

அவருடைய பைப் ரெஞ்சை எடுத்தேன். கனம்தான். தூக்க முடிகிறது.