மூன்றாவது பேரிங்

மார்ச் 4

அக்காவிடம் இன்று சொல்லாதது: மூன்றாவது பேரிங்கில் நூல் இருந்தபோது கிராங்கை லேசாகத் திருப்பிவிட்டேன்.

திருப்பவே கூடாது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெழுகு போன்ற நூலை வைத்து, பேரிங் மூடியை இறுக்கி, பிறகு கழற்றிப் பார்த்தால் நூல் நசுங்கியிருக்கும். அகலமாக நசுங்கினால் இடைவெளி குறைவு. நூல் வந்த உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். நடுவில் கிராங்க் அசைந்தால் நூல் இழுபட்டு அகலம் பொய் சொல்லும். தெரிந்தும், தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்கக் கை தானாகப் போய்விட்டது.

"மூணாவது எவ்வளவுடி?" பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து அக்கா.

"சரியா இருக்கு."

"பரவாயில்லையே! படிப்பாளிக்கு வேலையும் வருது."

மறுபடி அளக்க நூல் தீர்ந்திருந்தது, கடை தூரம் — இதெல்லாம் காரணமா? தன் பட்டறையில் அவள் முதன்முறை என்னை நம்பிக் கொடுத்த அளவு. சொதப்பிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 5

இன்ஜினை மூடிவிட்டோம். இனிச் சொன்னால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

மார்ச் 9

வண்டி போயிற்று, சத்தமில்லாமல். புத்தகங்களில் பொய் சொல்பவர்களுக்கு வியர்க்கிறது. எனக்கு வியர்க்கவில்லை, நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

வண்டி திரும்பி வந்தது. ஆயில் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. அடியிலிருந்து தொம் தொம். பிரித்தோம். மூன்றாவது பேரிங் முழுக்கக் கீறல், கிராங்கிலும்.

ஏப்ரல் 3

மைக்ரான் வந்தார். கிராங்குகளை மெஷினில் தேய்த்து அளவாக்கிக் கொடுப்பவர், இந்த வண்டியினுடையதையும் அவர்தான். எதையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில்தான் பேசுவார், டீயில் சர்க்கரையைக்கூட. அதனால் அந்தப் பெயர்.

"நூல் வச்சுப் பார்த்தப்ப இடைவெளி சரியா இருந்துச்சுண்ணே," என்றாள் அக்கா. "அப்ப வேற என்ன? தேய்ச்ச பொடி எண்ணெய்த் துளையில நின்னிருக்கு. கழுவாமயா குடுத்தீங்க?"

"கழுவினேம்மா." கீறலை விரலால் தடவினார். "கழுவினேன்னுதான் நினைக்கிறேன்."

பிறகு என்னிடம், "நீதானே பார்த்தே, பாப்பா? சரியா இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப என் தப்புதான். நானே சரி பண்ணித் தரேன்." கிராங்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 4

ஒருவேளை பொடிதானோ? உண்மையான இடைவெளி என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததற்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன். இடம் போதவில்லை.

ஏப்ரல் 7

சாப்பிடும்போது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மைக்ரான் ஊர்ல இருக்குற பட்டறைக்கெல்லாம் போன் போட்டு, தான் தேய்ச்சுக் குடுத்த கிராங்க் எதுவும் சத்தம் போடுதான்னு கேக்குறாராம். லூசு மனுஷன். தன் பேரைத் தானே கெடுத்துக்குறாரு."

அய்யோ. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். ஒரு தலையாட்டல்தானே — அதை வச்சு அந்த மனுஷன் தன் கையையே நம்பாமப் போயிட்டாரே. இதுக்கு மேலயும் சோறு இறங்குதா எனக்கு?

ஏப்ரல் 8

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்ட போய்ச் சொல்லு," என்றாள்.

போனேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு திருப்புனே?"

"கொஞ்சம்தான், மாமா."

"கொஞ்சம்னா எத்தனை மைக்ரான்?"

அவரே சிரித்தார். என்னால் முடியவில்லை.

"நான் கழுவியிருந்தாலும் கழுவியிருப்பேன், இல்ல?" என்று வாசல்வரை வந்து கேட்டார். "கழுவியிருப்பீங்க மாமா," என்றேன். அதற்கு நான் சாட்சியா?

ஜூன் 19

மைக்ரானிடம் கொடுத்துவந்த இரண்டு பட்டறைகள் இப்போது கிராங்கை வேறிடத்துக்கு அனுப்புகின்றன. அக்கா நேரில் போய் விளக்கியும் அவர்கள் அவரிடம் திரும்பவில்லை. எங்கள் பட்டறையில் நூலை அவளேதான் வைத்துப் பார்க்கிறாள்.

இன்று மைக்ரானிடமிருந்து ஒரு கிராங்க் வந்தது. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் வெள்ளைத் துணித் திரி செருகியிருந்தார். முன்பெல்லாம் இப்படி அனுப்பியதில்லை. ஒவ்வொன்றாக உருவினேன். எதிலும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.