நீங்கள் கேட்டுக்கொண்டபடி

என் ஜென்சி அப்பாவுக்கு,

கல்லறைக்கு வந்து உங்களிடம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். பூவை வைத்ததோடு திரும்பி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஜென்சி நர்சிங் சேர்ந்துவிட்டாள். செம்பட்டி ரோட்டில் நீங்களும் செபஸ்தியானும் சேர்ந்து தொடங்கிய மோட்டார் காயில் கட்டும் கடையை இப்போது அவர் ஒருவராகப் பார்த்துக்கொள்கிறார். நான் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். இவ்வளவும் நல்ல செய்தி. மற்றது, நான் உங்களைச் சந்தேகப்பட்ட கதை.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மஸ்கட்டில் இருக்கும் உங்கள் தம்பிக்கு எழுத பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உங்கள் பர்ஸில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து, பாஸ்வேர்டைப் போட்டு உங்கள் இமெயிலைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் மட்டுமே போய்ப் பார்த்த பெட்டி அது. உள்ளே தம்பியின் கடிதங்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் எழுதியவை. அதில் ஒன்று பெங்களூரில் ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது.

“அன்புள்ள திரு. அமல்ராஜ், நீங்கள் கேட்டுக்கொண்டபடி எங்கள் இதயப் பரிசோதனை விவரங்களை அனுப்பியிருக்கிறோம். இனியும் தாமதிக்க வேண்டாம்.”

ஆங்கிலத்தில் இருந்தது. நீங்கள் நெஞ்சுவலியில் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி. அப்படியானால் உங்களுக்குத் தெரியும். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தும் என்னிடம் மறைத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தீர்களே. “வாயுடி. செத்த நேரம் உக்காந்தா சரியாப் போகும்” என்றீர்களே. நான் ஓமத்தண்ணி கொடுத்தேன். செம்புக்கம்பி வாங்க மதுரைக்குப் போனீர்களே, அது கம்பிக்குத்தானா? உங்கள் சட்டைப்பைகளைத் துழாவினேன். பீரோவின் அடித்தட்டு வரைக்கும் தேடினேன். ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லை. ஒன்றும் கிடைக்காததே எனக்குச் சாட்சி ஆயிற்று. எவ்வளவு கவனமாக மறைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்கு உங்களோடு வந்தவர் செபஸ்தியான். நேரே கடைக்குப் போனேன். கழற்றிய மோட்டாரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு பேரும் மதுரைக்கு எதுக்குப் போனீங்க?”

“கம்பி வாங்கத்தான் மதினி. ஏன் கேக்குறீக?”

“பொய் சொல்லாதீங்க. டாக்டர்ட்ட காட்டுனது எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறந்திருந்தா அவுக இன்னைக்கு உசுரோட இருப்பாக.”

கட்டிய மோட்டாரை வாங்கிப்போக வந்த விவசாயிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செபஸ்தியான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஞாயிறு பூசை முடிந்து நம் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகிறவர், அதன் பிறகு வரவில்லை. குற்றம் உள்ளவர் எப்படி வருவார் என்றுதான் நானும் எண்ணினேன்.

ஈஸ்டர் முடிந்து மறுபடி உங்கள் பெட்டியைத் திறந்தேன். அதே மருத்துவமனை புதிதாக எழுதியிருந்தது. “கடந்த வியாழக்கிழமை எங்கள் மருத்துவரைச் சந்தித்ததற்கு நன்றி, திரு. அமல்ராஜ்.”

கடந்த வியாழக்கிழமை நீங்கள் மண்ணுக்குள் இருந்தீர்கள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு சென்டர்காரர் முருகேசன் எழுந்து வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர், உங்களுக்குத் தெரியுமே. “ஏனுங்க டீச்சர், என்னாச்சுங்க?” என்றார். திரையைக் காட்டினேன். படித்துவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்கு என்னைக் கூட்டிப்போனார். எழுத்து மாறாமல் அதே கடிதம் அங்கேயும் இருந்தது. பெயர் மட்டும் முருகேசன்.

“நான் பெங்களூர் பக்கமே போனதில்லீங்க. நம்ம இமெயில் அட்ரஸையெல்லாம் மொத்தமா விக்கிறாங்க, வாங்குறவங்க இப்படி எழுதி உடுறாங்க. நான் பாக்குறதே இல்லீங்க டீச்சர்.”

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் தமிழிலேயே பேசினாள். அமல்ராஜ் என்று யாராவது எப்போதாவது உங்களிடம் விசாரித்தார்களா என்று கேட்டேன்.

“விசாரிச்சதா ரெக்கார்ட் இல்ல மேடம். பம்ப்செட் மெக்கானிக்குங்க லிஸ்ட்ல அந்தப் பேரு இருக்கு. லிஸ்ட்டு நாங்க வெளிய வாங்குனது. பழைய லிஸ்ட்டு.”

“அப்ப கேட்டுக்கொண்டபடின்னு ஏம்மா எழுதுறீங்க?”

“அப்படிப் போட்டாத்தான் தொறந்து பாப்பாங்கன்னு சொல்லியிருக்காங்க மேடம்” என்றாள்.

அவர் இறந்துவிட்டார் என்றேன். ஸாரி மேடம், பேரை எடுத்துடுறோம் என்றாள். மறுவாரமே இன்னொரு கடிதம் வந்தது. உங்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடியாம்.

பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் கூட்டம் என்று ஒருமுறை திண்டுக்கல்லுக்குள் போய்விட்டு வந்தீர்களே, அங்கே நோட்டில் பேரும் இமெயிலும் எழுதிக் கொடுத்தீர்களோ? யார் கண்டது? எங்கேயோ எழுதிய ஒரு வரி யார் யார் கைக்கோ மாறி, கடைசியில் என் கையில் வந்து உங்கள் மேல் பழி சொல்ல வைத்துவிட்டது. அதை எழுதியவன் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உங்களோடு பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவள் அவன் சொன்னதை நம்பினேன்.

போன் பேசிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய் செபஸ்தியானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிருங்க என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“ஒண்ணு மட்டும் நெசம் மதினி. மதுரை பஸ் ஸ்டாண்டுல ஒருதரம் நெஞ்சத் தடவிக்கிட்டு நின்னாக. என்னண்ணேன்னு கேட்டேன். வாயுடா, சுக்குக்காப்பி வாங்குன்னாக. வாங்கிக் குடுத்தேன். வீட்ல சொல்லாதன்னுகூடச் சொல்லல. அதுனாலயே எனக்கு அது பெருசாத் தெரியல. தெரிஞ்சிருந்தா தூக்கிக்கிட்டு ஓடியிருக்க மாட்டனா?”

நான் ஓமத்தண்ணி கொடுத்தேன். அவர் சுக்குக்காப்பி கொடுத்தார். இரண்டு பேரும் வாயு என்றுதான் நம்பினோம். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்களா? கடிதம் பொய் என்று தெரிந்த பிறகும் இந்த ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நாள், பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்தீர்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

செபஸ்தியான் இப்போது ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வருகிறார். போன வாரம் நம் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல மதினி, வயசாகுதுல்ல” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. வருகிற புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். மதுரை பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்ட அவரைக் கூட்டிப்போகிறேன். கடையை யார் பார்ப்பது என்று சண்டை போடுகிறார். போடட்டும். கடைக்குப் பூட்டுப் போட்டாவது பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்களையே சந்தேகப்பட்ட, உங்களை மட்டுமே கட்டிக்கொண்ட,
ஜென்சியின் அம்மா
ராணி