மலையைக் கூப்பிட்ட குரல்

வூயி மலை,
ஜிங்ஜே கழிந்த மறுநாள்.

அன்பு மகள் பெய்ரோங்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தத் தையுவான் குளிரில் உனக்குச் சளி விட்டதா என்பதுதான் என் கவலை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் மூங்கில் குருத்துப் பார்சலோடு இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் கத்தி வைத்து ஐந்து மாதம் ஆகிறதல்லவா, பேசலாம் என்று டாக்டர் சொல்லியும் காற்றுதான் வந்தது. வருடா வருடம் பூச்சிகள் விழிக்கும் ஜிங்ஜே நாளில், தேயிலை துளிர்க்கச் சொல்லி மலையைக் கூவிக் கூப்பிடுவது அப்பாதானே, இந்த வருடம் யார் கூப்பிடுவது என்று ஊரில் பேச்சு வந்ததும் எதிர்வீட்டுத் தெங் யோங், "அண்ணன் போன வருசம் கூவுனது என் போன்ல இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டுட்டாப் போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் என் காதருகே வந்து, "நான் உயிரோடதானே இருக்கேன், செத்தவன் குரலப் போடுற மாதிரி போடுறாங்களே" என்று மூச்சாலேயே சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் குருத்து வெட்டப் போகிறேன் என்று கிளம்பி வெறுங்கூடையோடு திரும்புவார். ஓடைக்கரையில் நின்று கத்திப் பழகினார் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்று விடிந்ததும் ஊரே தேயிலைச் சரிவில் கூடியது. பத்தி கொளுத்தியாயிற்று, முரசும் அடித்தாயிற்று, தெங் யோங் பட்டனை அழுத்தப் போனார், அப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்து வாயைத் திறந்தார். வெறும் காற்று. யாரோ சிரித்தார்கள். போதும் வாங்க என்று கூப்பிடப் போனேன். மறுபடி திறந்தார், இருமல்தான் வந்தது. மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைக்க, "தேயிலையே, துளிர் விடு!" என்றார் பார், விரிசல் விட்ட வெண்கலம் மாதிரி, கரகரவென்று, ஆனால் எதிர்மலைவரை போய்த் திரும்பி வந்தது! உடனே இருநூறு பேரும் சேர்ந்து பதிலுக்குக் கூவினார்கள். தெங் யோங் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, இந்தச் சத்தத்துக்குத் துளிர் பயந்தே வெளிய வந்துரும்" என்றார், அப்பா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓயவில்லை. சூப்பில் உப்பில்லையாம், கோழிக்கூடு திறந்து கிடக்கிறதாம், நான் நடக்கிற நடையே சரியில்லையாம். கடைசியில் "கொஞ்சம் வாய மூடுங்க!" என்று கத்திவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து மாதம் கழித்து இதைச் சொல்லக் கொடுத்து வைத்தேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

குருத்தை உப்புநீரில் வேகவைத்த பிறகே சமை, கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்த முறை போனை எடுப்பது அப்பா. மழையும் வெயிலும் உனக்கு அளவோடு கிடைக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் துளிர்க்கட்டும்.

உன் அம்மா
தூ ஷியாங்யுன்