ஒபதியா சொன்ன 'இல்லை'

ஹார்லோ துறை, மெய்ன் பகுதி,
1820 பிப்ரவரி 5

அன்புத் தம்பி ஒபதியாவுக்கு,

உன் அக்காள் கெத்தூராள் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, பட்டினி இல்லை. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. வாஷிங்டனில் நீயும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் ஜனவரிக் கடிதம் பனியில் நனைந்து, ஓரம் சுருங்கி வந்து சேர்ந்தது. உன் விடுதியில் ஒரே கட்டிலில் உன்னோடு படுக்கும் பென்சில்வேனியா உறுப்பினர் விடிய விடியக் குறட்டை விடுகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை உன் அத்தான் திரும்பப் படிக்கச் சொல்லிச் சிரித்தார். "நாட்டுக்கே சட்டம் போடுறவனுக்கு ஒரு தனிக் கட்டில் குடுக்க வக்கில்லையா?" என்றார். பக்கத்தைத் திருப்பியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

நீ எழுதியதை அவர் நம்பவில்லை. நம் மெய்ன் பகுதியை மாசசூசெட்ஸிலிருந்து பிரித்துத் தனி மாநிலம் ஆக்கும் மசோதாவை, செனட்டில் மிசூரியோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மிசூரியில் அடிமைகளை வைத்துக்கொள்ள விட்டால்தான் நமக்கு மாநிலம். அதையும் பேப்பரில் படித்துவிட்டோம். ஆனால் அந்த முடிச்சு அவிழாமலே உங்கள் பிரதிநிதிகள் சபைக்கு வந்தால், நீ, நம் ஆள், எதிர்த்து வாக்களிக்கக்கூடும் என்று எழுதியிருந்ததைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "பேனாவ எடு, நான் சொல்றத அப்படியே எழுது. மெருகு போடாத" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னது இது:

"மச்சான், நம்ம ஜனங்க உன்ன அங்க அனுப்பினது ஒரே ஒரு வேலைக்கு. நம்மள ஆளுற பாஸ்டன்காரன் கையிலேருந்து விடுவிச்சுக் குடு. மார்ச் நாலாம் தேதிக்குள்ள முடியலன்னா அவனுங்க குடுத்த சம்மதம் காலாவதி. அப்புறம் நம்ம ஆயுசுல நடக்காது. மிசூரி எந்தத் திசையில இருக்குன்னே இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. உன் பேரக் கூப்பிட்டதும் 'ஆமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ரெண்டு வருஷமா எதுவும் பேசாம உக்காந்திருந்தவனுக்கு அது ஒண்ணும் பெரிய சிரமம் இல்ல."

மெருகு போடாமல் எழுதிவிட்டேன்.

பேலேகு கடையில் இதைவிட மோசம். உப்புமீன் வாங்கப் போனேன். கடை நிறைய ஆட்கள். பேலேகு தராசை வைத்துக்கொண்டே, "அம்மா, உங்க தம்பி அந்தச் சபையில இதுவரைக்கும் தும்மக்கூட இல்ல. இப்ப வாயத் தொறக்கப் போறாராமே, அதுவும் நமக்கு எதிரா?" என்றான். பிறகு வெல்லப்பாகு பீப்பாயைத் தட்டிக் காட்டி, "இது தெக்கேருந்து வர்றதுதான். அடிமை காய்ச்சினதுதான். சாப்பிடறப்ப உங்க தம்பிக்குக் கசந்துச்சாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாகு வாங்காமல் வந்துவிட்டேன். அதனால் இந்தச் சனிக்கிழமை பாகு ஊற்றாத அவரைக்கொட்டைக் குழம்பு சப்பென்று இருந்தது, உன் அத்தான் அதற்கும் உன்னைத்தான் திட்டினார்.

இனி நான் சொல்ல வேண்டியது.

ஆசாவைப் பற்றி உனக்கு நான் எழுதுவதே இல்லை. இப்போது எழுதியாக வேண்டும். 1814 போரில் ஆங்கிலேயர் கப்பல்கள் நம் ஆற்றுக்குள் வந்த அந்தச் செப்டம்பரில் பாஸ்டன் ஒரு சிப்பாயை அனுப்பவில்லை, ஒரு பை வெடிமருந்து அனுப்பவில்லை. என் பிள்ளை வாத்து சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். நீதான் அவனை ஒரு பழைய கதவில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தாய். தனி மாநிலம் வாங்காமல் ஓயமாட்டேன் என்று அன்றைக்கு இந்தச் சமையலறையில் நின்று சொன்னவன் நீ. மேடையில் நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராத உன்னை ஊர் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு வாக்குறுதிக்காக.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு இந்த மாநிலம் வேண்டும், ஒபதியா. இந்த ஊரில் எவரையும்விட எனக்குத்தான் வேண்டும். இதை உன்னிடம் மறைத்து, 'உன் மனசாட்சிப்படி செய்' என்று இனிமையாக எழுதினால் அது உனக்குச் செய்யும் துரோகம். நீ எதை விடப் போகிறாய் என்று தெரிந்துதான் விட வேண்டும்.

ஆனால் சபையின் ஜன்னலிலிருந்து நீ பார்த்ததாக எழுதிய பகுதியை உன் அத்தானுக்கு நான் படித்துக் காட்டவில்லை. இரண்டு இரண்டு பேராகச் சங்கிலியில் கோத்துத் தெற்கே ஓட்டிப்போன மனிதர்கள். கடைசியில் ஒரு பெண், அவள் கையோடு பிணைத்திருந்த ஒரு பையன். அவனுக்கு என்ன வயதிருக்கும்? நீ எழுதவில்லை. எனக்கு அது தெரிந்தால் தேவலை போலவும் இருக்கிறது, தெரியாமல் இருந்தால் தேவலை போலவும் இருக்கிறது.

எப்படி வாக்களிப்பது என்று நான் சொல்லமாட்டேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஈரக் காலோடு சபையில் உட்காராதே.

உன் நலனுக்காக ஓயாமல் ஜெபிக்கும் அக்காள்,
கெத்தூராள் பிங்க்காம்


ஹார்லோ துறை, மெய்ன் மாநிலம்,
1820 மார்ச் 20

அன்புத் தம்பி ஒபதியாவுக்கு,

மேலே முகவரியைப் பார்த்தாயா? 'மாநிலம்' என்று இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். அந்த இடத்தில் மை சிந்தியிருப்பதற்கு மன்னித்துக்கொள்.

நீ 'இல்லை' என்று சொல்லியும் மாநிலம் வந்துவிட்டது. நம் பக்கத்து உறுப்பினர்களில் வேறு சிலரும் உன்னைப்போலவே 'இல்லை' என்றார்களாம். ஆனாலும் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் முடிச்சு அப்படியே நிறைவேறிவிட்டது. நமக்கு மாநிலம், மிசூரிக்கு அடிமைகள். இங்கே கோயில் மணியை மூச்சுவிடாமல் அடித்தார்கள். துறையில் பழைய பீரங்கியை வெடித்தார்கள். மக்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி எழுதப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கலாம். யார் மூலமாவது உன் காதுக்கு வரும், என்னிடமிருந்து வரட்டும். பேலேகும் அவன் கூட்டாளிகளும் உன்னைப் போல ஒரு வைக்கோல் பொம்மை செய்து, நீண்ட தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, கழுத்தில் 'துரோகி' என்று பலகை மாட்டித் துறையில் தொங்கவிட்டார்கள். இருட்டுவதற்குள் கொளுத்துவதாகத் திட்டம்.

மாநிலச் செய்தி வந்த அதே தபால் வண்டியில்தான் பாஸ்டன் பேப்பரும் வந்தது. அதில் நீ சபையில் பேசிய பேச்சை அச்சடித்திருந்தார்கள். கடையில் பேலேகு அதை உன் அத்தானிடம் நீட்டி, "நீங்களே படிங்க முதலாளி. உங்க வீட்டுச் சிங்கம் கர்ஜிச்சிருக்கு" என்றான். உன் அத்தானும் சளைக்கவில்லை. ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்றுகொண்டு, நீ பேசுவதைப்போலவே தொண்டையைச் செருமி, தடுக்கித் தடுக்கிப் படிக்க ஆரம்பித்தார். கடையே குலுங்கியது. நான் வாசலருகே நின்றேன். என் புருஷன் என்று சொல்லிக்கொள்ளவே அந்த நேரம் வெட்கமாக இருந்தது.

முதல் சில வரிகளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அவர் படித்தார்: "எங்கள் கரையில் எதிரி இறங்கிய நாளில், எங்களை ஆள்கிறவர்களிடமிருந்து எங்களுக்காக ஒருவரும் வரவில்லை. அன்று என் அக்காள் மகன் ஆசா பிங்க்காம்..."

அந்தப் பெயரோடு நின்றுவிட்டார்.

அவர் அங்கே அதை எதிர்பார்க்கவில்லை, ஒபதியா. யாருமே எதிர்பார்க்கவில்லை. பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்து தப்பாக இருக்குமோ என்று பார்ப்பதுபோல. ஒருவன் பின்னாலிருந்து, "என்ன முதலாளி, மச்சான் பேச்சு புரியலையா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நம் கப்பல் கட்டும் தளத்தில் பலகை இடுக்குகளில் சணல் அடைக்கிறாரே லைமன், உனக்கு நினைவிருக்கும், அடிமைகள் உள்ள மேரிலாந்திலிருந்து வந்த கறுப்பர், எப்படி வந்தார் என்று நாம் யாரும் கேட்டதில்லை. அவர் ஓரத்தில் ஆணிப் பெட்டி அருகே நின்றிருந்தார். "மீதியையும் படிங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். உன் அத்தான் பீப்பாயிலிருந்து இறங்கி வந்து, பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் படித்தேன். பத்தொன்பது வயதில் நம் ஆற்றங்கரையில் அவன் இறந்ததை. அவனுக்காகவே இந்த மாநிலத்தைக் கேட்டு நீ அங்கே போனதை. யாரும் வராத மக்கள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும் என்று நீ சொன்னதை. சபை ஜன்னலுக்குக் கீழே சங்கிலியில் போகிறவர்களுக்கும் யாரும் வரவில்லை என்றதை. கடைசி வரிகளை மனப்பாடமாகவே எழுதுகிறேன்: "அவர்கள் பிள்ளைகளின் கழுத்தில் அந்தச் சங்கிலியை மாட்டித்தான் என் மக்களுக்கு மாநிலம் கிடைக்கும் என்றால், அதைக் கொண்டுபோய் ஆசாவின் கல்லறையில் வைக்க எனக்குக் கை வராது. கேட்க வந்தவன் நான்தான். வேண்டாம் என்பவனும் நானேதான்."

இவ்வளவுதான் உன் பேச்சு. தெற்கத்திக்காரர்கள் நாள் கணக்கில் பேசினார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. உன்னுடையது அதில் அரைப் பத்திக்கும் குறைவு.

படித்து முடித்ததும் லைமன் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்துத் தலை அசைத்தார். எதுவும் வாங்காமல் வெளியே போய்விட்டார். உன் அத்தான் அவர் பின்னாலேயே போனார். நான் பேப்பருக்கு என்ன விலை என்று கேட்டேன். பேலேகு, "கொண்டு போங்கம்மா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

துறைக்குப் போய்ப் பார்த்தால் உன் அத்தான் கத்தியை எடுத்து அந்தப் பொம்மையின் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார். கொளுத்தக் காத்திருந்த இளவட்டங்கள் கூச்சல் போட்டார்கள். "அது ஊர்ப் பொம்மை!" என்றான் ஒருத்தன். அவர் திரும்பி, "பொம்ம உங்களது. மச்சான் என்னோடவன். அவனத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன், ஒருத்தன் தொடக் கூடாது" என்றார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் வீடு வரைக்கும் நடந்தார். நான் கூட நடந்தேன். வைக்கோல் மாட்டுக்குப் போயிற்று. தொப்பி நன்றாக இருக்கிறதென்று அவரே வைத்துக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நீ செய்தது தப்பு என்றுதான் இன்னும் சொல்கிறார். "மத்தவன் 'ஆமா' சொன்னதாலதானே மாநிலம் வந்துச்சு? எல்லாரும் இவனாட்டம் இருந்திருந்தா?" என்று சாப்பிடும்போது கேட்கிறார். எல்லோரும் உன்னைப்போல இருந்திருந்தால் நமக்கு மாநிலம் வந்திருக்காது என்பது நிஜம். சங்கிலியில் போன அந்தப் பையனும் இன்னும் ஆயிரம் பையன்களும் மிசூரிக்குப் போகாமல் இருந்திருப்பார்கள் என்பதும் நிஜம். நீ இரண்டையும் தெரிந்தே எழுந்து நின்றாய். பேர் கூப்பிட்டால் வகுப்பில் எழுந்திருக்கவே நடுங்கின பிள்ளை நீ. நான்தானே உன்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன், எனக்குத் தெரியாதா?

சபை உறுப்பினர் என்றால் ஊர் சொன்னதைப் போய் அங்கே சொல்பவன் என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். ஊர் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டதையும் அவன்தான் சொல்ல வேண்டும்போலிருக்கிறது.

அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். பேலேகின் தம்பி மருமகன். நன்றாகப் பேசுகிறான். நீ திரும்ப ஜெயிக்கமாட்டாய், அதையும் ஒளிக்க விருப்பமில்லை. கோயிலில் சிலர் நம் இருக்கை வரிசையைத் தாண்டி உட்காருகிறார்கள். ஆனால் நேற்று யாரோ நம் பின்வாசலில் சமைக்க ஒரு கூடை கிளிஞ்சல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் காயாத புதுக் கிளிஞ்சல்.

மே மாதம் சபை கலையும் என்று எழுதியிருந்தாய். பாஸ்டனிலிருந்து போர்ட்லண்ட் வரை கோச் வண்டியில் வந்துவிடு. அங்கிருந்து கூலி வண்டி வைக்காதே. உன் அத்தானுக்குப் போர்ட்லண்டில் ஏதோ சரக்கு எடுக்கும் வேலை இருக்கிறதாம். நீ எந்தத் தேதியில் வருவாய் என்று இரண்டு முறை கேட்டார். என்ன சரக்கு என்றேன். "எல்லாத்தையும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யணுமா?" என்று எரிந்து விழுந்தார். இதை எழுதும்போது வாசலில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. வண்டியில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு இருக்கை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார்.

வண்டியில் அவர் வழியெல்லாம் திட்டுவார். திட்டட்டும், குறுக்கே பேசாதே. நீ வந்து சேர்வதற்குள் இந்த ஊர் பனி முழுதும் உருகியிருக்கும். தலை நிமிர்ந்து இறங்கு. கர்த்தர் உன்னைச் சுகமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

எப்போதும் உன் அக்காள்,
கெத்தூராள்