கனகுவுக்கு இல்லாத தாளம்

நேற்று கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறும்போது அந்த ஈர வாசனை பாதி வழி வரைக்கும் என்னோடு வந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில் உன் சேலையில் அடிக்கும் அதே வாசனை. ஒரு நிமிஷம், நீ கீழே தொட்டில்களுக்கு நடுவில் நின்று எந்தப் பிள்ளையையோ திட்டிக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் வேறொருத்தி நின்றாள். நல்ல பெண்தான். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறாள். உன் வாய்தான் அவளுக்கு இல்லை.

கோடு போட்டது கனகுவுக்காக. உன் கனகுவேதான். நாட்டுக் கால்பந்து அணிக்கே தலைவனாக இருந்தவன், இனி ஆடப்போவதில்லை என்று அண்மையில் சொல்லிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து நம் தோட்டத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தலவாக்கலை பஜாரில் முடிவெட்டும் கடைக்குள் போனால் கனகு, பஸ்ஸில் ஏறினால் கனகு. பழைய ஆட்டங்களைப் போனில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். இவன் இல்லாவிட்டால் அந்த கோல் ஏது, இவன் எங்கிருந்து ஓடி வந்தான் பார் என்று ஒருவனுக்கு ஒருவன் பாடம் நடத்துகிறான். எல்லாம் அவனை லொறி என்று கூப்பிட்ட வாய்கள். கொழுந்து லொறி மாதிரி மேலும் கீழும் ஓடத்தான் தெரியும், வேறொரு மண்ணும் தெரியாது என்று சிரித்த வாய்கள். இப்போது ஆளாளுக்கு நான் அன்றைக்கே சொன்னேன் என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கூடையை அவர்கள் தலையில் கவிழ்த்திருப்பேன். சொன்னவள் நீ ஒருத்திதான். நீயும் முதலில் சொல்லவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைகள் இப்போதெல்லாம் எனக்குக் கனவு போலத்தான் வருகின்றன. நாங்கள் மேலே மலையில், கீழே கிரவுண்டு. மத்தியானம் சாய்ந்ததும் பனி இறங்கும். முதலில் கோயில் மறையும், பிறகு லயத்து வீட்டுக் கூரைகள், பிறகு கோல் கம்பம். கடைசியில் கைக்கு எட்டும் தேயிலையும் பக்கத்து நிரையில் நிற்கிறவள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியும்தான் மிச்சம். கீழே ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். பனிக்குள்ளிருந்து விசில் ஊதுவது கேட்கும், யாரோ யாரையோ ஏசுவது கேட்கும். என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று நான் மேலேயிருந்து கத்துவேன். பதில் கத்திக் கத்தி உன் தொண்டை கட்டிப்போய், ஒருநாள் நீ காலிப் பால்மாத் தகரத்தை எடுத்து மடியில் கவிழ்த்தாய்.

பிள்ளைக்காம்பரா கிரவுண்டு ஓரத்திலேயே இருந்ததால் உனக்கு ஓரளவு தெரியும். பால் கலக்கும் கரண்டியால் தட்டினாய். பந்து யார் காலில் இருக்கிறதோ அவனுக்கென்று ஒரு தாளம். கோல் போடுகிற சுரேஷிடம் இருந்தால் டகடக டகடக என்று கல்யாண வீட்டு வேகம். கோல் காக்கிற பையனிடம் இருந்தால் பூசை மணி மாதிரி விட்டு விட்டு இரண்டு அடி. எதிர் டீமிடம் பந்து போனால் தகரம் நின்றுவிடும். அவ்வளவுதான் கணக்கு. அடுத்த சனிக்கிழமைக்குள் மலை முழுக்க அது பாடமாகிவிட்டது.

கண்ணால் பார்த்த ஆட்டங்களைவிட அந்த ஆட்டங்கள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சுற்றிலும் வெள்ளை. விரல் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும். தாளம் மாத்திரம் பனிக்குள் மாறி மாறி அலையும். தகரம் நின்றால் நிரை முழுக்க ஐயோ போச்சே என்று ஒரு பெருமூச்சு. மறுபடியும் டகடக என்று வந்தால் கங்காணியே நிமிர்ந்து சிரித்துவிடுவார். தொட்டிலில் தூங்குகிற பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு எழும்பியதே இல்லை, தகரம் நின்றால்தான் அழும் என்று நீ சொல்வாய். அது மெய்யோ பொய்யோ, உன்னை நம்புவதில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது.

கனகுவுக்குத் தாளம் இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கைப்பிள்ளையாக உன்னிடம் வந்தவன், உன் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவன். ஆனாலும் பந்து அவன் காலில் ஒரு மூச்சு நேரம்கூட நிற்காது. எடுப்பான், கொடுப்பான், மறுபடி ஓடுவான். நீ கரண்டியை ஓங்குவதற்குள் பந்து வேறு எவனிடமாவது போயிருக்கும்.

கொழும்பிலிருந்து அந்தப் பயிற்சியாளர் ஆள் எடுக்க வந்தபோது தோட்டமே சுரேஷுக்காகச் சாமி கும்பிட்டது. அவரோ பனிக்குள் கோட்டோரமாகவே நடந்து நடந்து பார்த்துவிட்டு, கனகுவைக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு தொடங்கியது பேச்சு. யாரோ பெரிய ஆள் சிபாரிசு, தொழிற்சங்கத்துக்காரர் வாய்ச்சொல், இல்லாவிட்டால் லொறிக்கு எங்கிருந்து வந்தது இந்த வாழ்வு என்று லயம் லயமாகப் பேசினார்கள். அவன் அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் தனியாக நிற்பாள். மகன் கொழும்பில் பெரிய டீமில் ஆடுகிறான் என்று சந்தோஷப்படக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் உன் வாசலில் உட்கார்ந்து, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். நானும் ஊரோடு சேர்ந்துதான் பேசினேன். எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிப்பதில் சுரேஷை அடிக்க ஆளில்லை, அவனை விட்டுவிட்டுப் போனாரே அந்த மனுஷன் என்றேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுரேஷா? பந்து வர்ற வரைக்கும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிப்பான்டி அவன்."

"பெறகு எப்பிடி? ஒன் தகரம் நிக்கும். அடுத்த சத்தம் சுரேஷோடதாத்தான இருக்கும்."

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். கொஞ்ச நேரம் கிரவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே ஒன்றும் இல்லை, இரண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"நடுவுல கனகுகிட்ட இருக்கும்டி. அவன்தான் புடுங்கிக் குடுப்பான். அந்த நேரம் மேல நீங்கள்லாம் என்னா நெனைச்சீங்க?"

"போச்சுன்னு நெனைச்சோம்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவன் பந்தை மீட்ட ஒவ்வொரு தடவையும் நாங்கள் மேலே இன்னும் ஐயோ என்றே நின்றிருக்கிறோம். அவன் கொடுத்ததை சுரேஷ் வாங்கியதும் கைதட்டியிருக்கிறோம். மலையில் நின்றவர்களுக்குக் கனகு என்று ஒருத்தன் கிரவுண்டில் இருந்ததே தெரியாது. ஓரத்தில் நின்ற ஆண்பிள்ளைகளுக்கும் பனி வந்துவிட்டால் உன் தகரம்தான் கண்.

மறுநாளிலிருந்து நீ லயம் லயமாக ஏறி இறங்கினாய். சிபாரிசும் இல்லை கிபாரிசும் இல்லை, அவன் உழைப்புத்தான், நான்தான் தட்டாமல் விட்டேன் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னாய். ஆயம்மாவுக்கு வளர்த்த பாசம் என்று சிரித்தார்கள். அவன் நாட்டு அணிக்குப் போன பிறகு, அவன் ஆடுகிற ஆட்டம் டிவியில் வந்தால் என்னைப் பிடித்து உட்காரவைப்பாய். "பந்தப் பாக்காதடி, அவன மட்டும் பாரு" என்பாய். முதலில் எனக்குத் தலை சுற்றியது. பந்து எங்கேயோ இருக்கும், இவன் வேறெங்கேயோ ஓடிக்கொண்டிருப்பான். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, பந்து வரப்போகிற இடத்துக்கு இவன் முன்கூட்டியே போய்விடுகிறான். நீ பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பாய். அப்படித் தட்டுவது உனக்கே தெரியாது.

ஆனால் உன் மனசு ஆறவே இல்லை. தீபாவளிக்கு அவன் வரும்போதெல்லாம் கேட்டுவிடுவேன் என்பாய். வந்தால் முறுக்கையும் அதிரசத்தையும் அவன் வாயில் திணித்து, இளைத்துவிட்டாய் என்று ஏசி அனுப்பிவிடுவாய். கேட்கப் பயம். உலகத்தில் யாருக்கும் பயப்படாதவள், உன் கையில் பால் குடித்த பிள்ளைக்குப் பயந்தாய். நுவரெலியா ஆஸ்பத்திரியில், கடைசியாக நான் வந்து பார்த்த அன்றைக்கு, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "எல்லாருக்கும் தட்டிட்டு அவனுக்கு மட்டும் தட்டலையே, அது அந்தப் புள்ள மனசுல கெடந்திருக்குமாடி? நீயாவது கேளு." நான் கேட்கிறேன் என்றேன். நீ நம்பியதாகத் தெரியவில்லை.

கேட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் அவன் வந்தான். மாலைக்கு மேல் மாலை போட்டு அவன் முகமே தெரியவில்லை. சங்கத்துக்காரர் பேசினார், பாடசாலை அதிபர் பேசினார், லொறி என்று பெயர் வைத்த பெரிய மனுஷரும் கூச்சமே இல்லாமல் பேசினார். சுரேஷ் தன் ஓட்டோவைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு வந்து மைக்கைப் பிடித்தான். அவன் குடுத்ததைத்தான் நான் அடித்தேன், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றான். அவன் சொன்னபோது மாத்திரம் கூட்டம் அடங்கியது. கனகுவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

கூட்டம் கலைகிற நேரம் பனி இறங்கத் தொடங்கியது. அவன் தனியாகப் பிள்ளைக்காம்பராப் பக்கம் நடந்து போனான். நான் பின்னாலேயே போனேன். நீ உட்காருகிற படியில் உட்கார்ந்து மாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். எப்படியோ கேட்டேன்.

"ஐயா, ஆயம்மா எல்லாருக்கும் தட்டுவாளே. ஒனக்கு மட்டும் ஒரு தாளம் இல்லாமப் போச்சேன்னு வருத்தமா?"

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். சின்னப் பிள்ளையில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"வருத்தமா? அத்த, அதுனாலதான நான் ஆளானேன். மத்த தோட்டத்து ஆளுங்களும் அந்தத் தகரத்த நல்லாப் படிச்சு வச்சிருந்தாங்க. சுரேஷ் சத்தம் கேட்டா மூணு பேரு சுரேஷ்கிட்ட ஓடுவாங்க. தகரம் நின்னா, பந்து தங்களோட ஆளுகிட்டன்னு நெனைச்சுக்கிட்டு எல்லாரும் முன்னால ஏறிருவாங்க. பனிக்குள்ள என்னய ஒருத்தரும் தேடல. எனக்குக் கிரவுண்டு பூரா எடம் கெடச்சுச்சு."

நான் வாயைத் திறக்குமுன் அவன் கதவைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ஆயம்மா வேணும்னுதான் எனக்குத் தட்டாம இருந்தாங்க. என்னயக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு. அது எனக்கு அப்பவே தெரியும் அத்த. கொழும்புல தனியாக் கெடந்தப்ப அத நெனைச்சுத்தான் படுத்துக்குவேன். நமக்காக ஒருத்தங்க யோசிச்சு ஒண்ணு செஞ்சிருக்காங்கன்னு. அவங்க இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லாம விட்டுட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நீ யோசிக்கவே இல்லையடி. கரண்டியை ஓங்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தானே இத்தனை வருஷம் உனக்குள் வெந்து செத்தாய். நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருப்பாய். உன் வாயில் எதுவும் நிற்காது. எனக்கும் அப்படி வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாய்யா," என்றேன். "ஒனக்காகத்தான்."