கங்கா பிரைவெட்டுக்குப் போகிறாள்

மூன்றாம் டிவிஷன் லயம்,
கோலசிலாங்கூர்.
12.11.1984

தம்பி தனபாலனுக்கு அக்கா அம்சவள்ளி எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள். மாமா முதுகுவலியோடு லோரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். சிவானந்தம் கிள்ளானுக்குப் படிக்கப் போய் வருகிறான். உன் மகள் கங்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் நீ. அதனால்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய கவுன் வந்தது. அழகான கவுன்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். கங்காவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது என்பதை லண்டனில் யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாவின் கடைசி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அது போட்டுக்கொண்டு லயத்து வீடுகளையெல்லாம் சுற்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருஷமாக எனக்கும் மாமாவுக்கும்தான் எழுதுவாய். கடைசி வரியில் 'கங்காவுக்கு முத்தங்கள்' என்று போடுவாய். இந்த முறை அதிசயமாக அவள் பேருக்கே ஒரு கடிதம். தோட்டத்து ஆபீஸ் கிராணி அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. லண்டன் கடிதம் என்றதும் பாதி லயம் எங்கள் வாசலில் கூடிவிட்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள். ஜனவரியில் குடும்பத்தோடு வருகிறாய், ரவாங்கில் தொழிற்சாலை வேலை, அங்கேயே தாமான் குடியிருப்பில் வீடு, தம்பி சேதுவும் வருகிறான் என்றெல்லாம் படித்தாள். அடுத்த வரி வந்தது. 'உன்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து, தம்பியோடு சேர்த்து நல்ல பிரைவெட் ஸ்கூலில் போடப்போகிறேன்.' அங்கேயே நிறுத்திவிட்டாள்.

ஏண்டா, உனக்கு மூளை இருக்கிறதா? இந்தத் தோட்டத்தில் பிரைவெட் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. சோதனையில் கோட்டை விட்டவன் கிள்ளானில் கடைவீட்டு மாடிப்படி ஏறிப் போகிற இடத்துக்குத்தான் இங்கே பிரைவெட் என்று பேர். என் மகன் சிவானந்தம் இந்த வருஷம் முழுக்க அங்கேதான் போய் வருகிறான். நீ எழுதியதைக் கேட்டதும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். ஏன், நீயே அந்தக் காலத்து எல்.சி.இ. சோதனையில் மண்ணைக் கவ்விவிட்டு அதே கிள்ளானில் அதே மாதிரி ஒரு மாடியில் படித்தவன்தானே. அப்போது வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கிள்ளானில் டைப்பிங் படிப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். அதெல்லாம் கப்பலேறியதும் மறந்துபோயிற்றா?

கங்கா ஐந்தாம் வகுப்புச் சோதனை எழுதி முடித்து ரிசல்டுக்குக் காத்திருக்கிறாள். அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். தான் பெயிலாகிவிட்டோம், லண்டனில் இருக்கிற அப்பாவுக்கு எப்படியோ முதலிலேயே தெரிந்துவிட்டது, அதனால்தான் பிரைவெட்டில் போடுகிறார் என்று. லயத்துச் சனங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். வள்ளியம்மா வந்து, "பரவால்ல அம்சம், மனச விட்டுறாத. எங்க அண்ணன் மவன்கூட பிரைவெட்டுல படிச்சவன்தான், இப்ப சபாக்குல லோரி ஓட்டுறான் லா, நல்லாத்தான் இருக்கான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள். எழவு வீட்டுக்கு வந்த மாதிரி ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள்.

மறுநாள் கங்காவைக் காணோம். தேடினால், தலைமையாசிரியர் நாராயணசாமி வீட்டு வாசலில் நிற்கிறாள். "சார், நான் பெயிலா சார்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். வகுப்பில் முதல் மாணவி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகுதான் சிரித்துவிட்டு, "அம்மா, சீமையில பணக்காரப் புள்ளைங்க படிக்கிற பள்ளிக்குத்தான் அந்தப் பேரு. உங்க தம்பி பெருமையாத்தான் எழுதியிருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு எழுதிய முதல் கடிதத்தில், அவளுக்கு எந்தச் சொல் சுடும் என்றுகூடத் தெரியாத அப்பனுக்கு என்ன பெருமை?

இன்னும் ஒரு வருஷம் அவள் இங்கே படிக்கட்டும். ஆறாம் வகுப்பு முடித்து, கோலசிலாங்கூர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போகட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் போகிற வழிதான். ரவாங் ஒன்றும் சீமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போ. உன் சேதுவை எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் போடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். கங்காவை மட்டும் விட்டுவிடு. ரெண்டே வருஷம் என்று சொல்லி அவளை விட்டுவிட்டுப் போனவன் நீ. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு வெட்டுக்குப் போய், ரப்பர்ப் பால் அளந்து கொடுத்ததும் மூச்சு வாங்க ஓடி வந்து தூக்கியவள் நான்.

பதில் போடு. அவளுக்குப் போடாதே, எனக்குப் போடு.

அக்கா
அம்சவள்ளி


மூன்றாம் டிவிஷன் லயம்,
கோலசிலாங்கூர்.
9.12.1984

தனபாலனுக்கு,

உன் பதில் கிடைத்தது. மாமா ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் படிக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் பிடுங்கி வைத்துவிட்டேன். பெற்றவன் நான், முடிவு செய்கிறவன் நான் என்று எழுதியிருக்கிறாய். தோட்டத்தைத் தாண்டாத உனக்கு உலகம் எங்கே தெரியும் என்று வேறு கேட்டிருக்கிறாய். உலகம் தெரிந்தவன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனான் என்று மாமாவும் கேட்கச் சொன்னார்.

கடைசியில் உன் பெண்டாட்டி சந்திரிகா இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருந்தாள். சிவானந்தத்தை விட்டுப் படிக்கச் சொன்னேன். கங்காவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றியாம். ஊருக்குப் போகும்போது பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனவள் சொல்கிற நன்றி. தமிழில் எழுத அவளுக்குக் கை வராதா? கெர்லிங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே அவளும்? சிவானந்தம், "வுடுங்கம்மா, அவங்க நல்லதாத்தான் சொல்றாங்க" என்றான். அவனுக்கும் ரெண்டு திட்டு விழுந்தது.

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாப் பாடத்திலும் ஏ. இந்தப் பள்ளியில் அவளுக்கு மட்டும்தான். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வள்ளியம்மா வாசலில் நான் வேண்டுமென்றே நின்று கொஞ்ச நேரம் பேசினேன். இதை நீ பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக எழுதவில்லை, தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

நீ பதிலில் எழுதியிருந்த அந்தக் கோலாலம்பூர் பிரைவெட் பள்ளிக்கும் போய் வந்தேன். ஆமாம், போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மாமாதான், "பெத்தவன் சொல்றான், நாம தடுத்தா நாளைக்கி புள்ளையே நம்மளக் கேக்கும்" என்றார். கங்காவுக்கு எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டு, அவளுடைய வெள்ளை நீலப் பள்ளி உடுப்பையே தேய்த்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பெரிய கட்டடம். குளிர்சாதனம். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளே ஒரு அம்மாள், நம் தமிழாள்தான், ஆனால் தமிழே வராது. கங்காவிடம் இங்கிலீஷில் பேர் கேட்டாள். சரியாகச் சொன்னாள். அப்புறம் வேகமாக என்னென்னவோ கேட்டாள். பிள்ளை முழித்தது. அந்த அம்மாள் மலாய்க்கு மாறி, இங்கே படிக்க ஆசையா என்று கேட்டாள். உன் மகள் தலையை நிமிர்த்தி, "தாக் மாவ்" என்றாள். வேண்டாம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தாள். கடைசியில் என்ன முடிவு தெரியுமா? இங்கிலீஷ் போதாதாம். மூன்று வகுப்பு கீழே இறக்கித்தான் சேர்ப்பார்களாம். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளை, எட்டு வயதுக் குழந்தைகளோடு குட்டி நாற்காலியில் உட்கார வேண்டும். அன்றைக்கு லயத்துச் சனங்கள் பிரைவெட் என்றதும் பெயில் என்று நினைத்தார்களே, அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. உன் பெரிய பள்ளி என் கண் முன்னாலேயே அவளைப் பெயிலாக்கியது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

அந்த அம்மாள் என்னைக் காட்டி, இது யார் என்று கங்காவிடம் கேட்டாள். கங்கா கொஞ்சமும் யோசிக்காமல், "எமாக் சாயா" என்றாள். எங்க அம்மா என்று. அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள், சிவானந்தம் கூப்பிடுவதைப் பார்த்து மூன்று வயதில் பிடித்துக்கொண்டது. உனக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் அத்தை என்று எழுத வைப்பேன். அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். தாயார் லண்டனில் இருப்பதாகத் தகப்பனார் எழுதியிருக்கிறாரே என்று என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? உன் மரியாதை போய்விடுமே, பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார்களே என்று பதறிப்போய், "இல்லங்க, நான் அவ அத்தை" என்றேன். வாய் தவறி வந்ததல்ல, யோசித்துத்தான் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன், படுபாவி.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் பேசினாள், சிவானந்தத்திடம் பேசினாள். மறுநாள் காலையில் நான் வெட்டுக்குக் கிளம்பும்போது, "சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

எடுத்துக்கிட்டீங்களா. ஒன்பது வருஷமாக, "அம்மா வாம்மா, போம்மா, எனக்குத் தலை பின்னி விடு" என்று கத்திக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது வாங்க, போங்க, சாப்பிடுங்க. அம்மா என்றும் கூப்பிடுவதில்லை, அத்தை என்றும் கூப்பிடுவதில்லை. கோபமாக ஒரு வார்த்தை பேசினாலாவது நானும் பதிலுக்கு ஒன்று கொடுப்பேன். மரியாதையாகப் பேசுகிறாள். வள்ளியம்மா பார்த்துவிட்டு, "லண்டன் அப்பா வராருன்னதும் புள்ளைக்கு எம்புட்டு மருவாத வந்துருச்சு பாரு" என்கிறாள். அவள் வாயில் மண்ணைப் போட.

நீ ஜெயித்துவிட்டாய். வந்து கூட்டிக்கொண்டு போ. சுபாங் விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன், மாமா வருவார். அவள் துணிமணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருப்பேன். கோலாலம்பூரில் எந்தப் பள்ளியில் போட வேண்டுமோ போடு. கீழ் வகுப்பில் போடு, மேல் வகுப்பில் போடு. இனி நான் கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள். வந்த அன்றைக்கு உன்னையும் சந்திரிகாவையும் அவள் வாங்க, உட்காருங்க என்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை, அக்கா நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது மரியாதை இல்லை. அம்மா என்று சொல்லச் சொல்லிச் சந்திரிகா அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவளாகக் கோபித்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு, "போ நீ" என்று ஒரு நாள் கத்துவாள். அன்றைக்கு அடித்துவிடாதே தம்பி. அன்றைக்குத்தான் அவள் உங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிறாள்.

நீங்கள் நால்வரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
கங்காவின் அத்தை
அம்சவள்ளி