முகம் கழுவப் பயந்த அத்தாவுக்கு

என் ஆசை அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் கபுர்ஸ்தான் வாசலில் நின்று வாய்க்குள் சொல்லும் சலாமை இன்று காகிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்பது வருஷமாகிறது. இத்தனை நாளும் துஆவோடு நிறுத்திக்கொண்டவன், இப்போது பயம் தாங்காமல் எழுதுகிறேன். உங்களுக்கு வந்த அந்தக் கன்னத்து வலி எனக்கும் வந்துவிட்டது.

சின்ன வயதில் பேகம்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும், "காதரு அப்படியே அவுக அத்தா ஜாடை" என்பார்கள். அம்புட்டு பெருமையாக இருக்கும். இன்று கண்ணாடியில் அதே மூக்கையும் அதே தாடையையும் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஜாடையோடு இதையும் சேர்த்தா கொடுத்தீர்கள்?

முதல் தடவை வந்தது பள்ளிவாசலில். மதிய லுஹர் தொழுகைக்கு முன் ஹவுள் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து ஒளு செய்துகொண்டிருந்தேன். கை கழுவி, வாய் கொப்பளித்து, முகத்தில் இரண்டு தடவை தண்ணீர் அடித்தாயிற்று. மூன்றாவது தடவை அடித்தபோது வலது கன்னத்தில் கரண்ட் கம்பியை வைத்தது போல் ஒரு வெட்டு. காதிலிருந்து உதடு வரைக்கும் இழுத்துவிட்டுப் போனது. அஞ்சாறு விநாடிதான் இருக்கும். பக்கத்தில் இருந்தவர், "என்னப்பா, வழுக்கிருச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடத்திலேயே உங்கள் நினைவு வந்தது அத்தா. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

தோல் மண்டியிலிருந்து மப்ளர் சுற்றிக்கொண்டு வருவீர்கள். ஆடிக் காற்றுக்கு ஊரே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நிற்கும்போது, நீங்கள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாக நடப்பீர்கள். பல் வலி என்றீர்கள். நாங்களும் பல் வலி என்றே நம்பினோம். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்ததைப் பிடுங்கினார். மூன்றாவதையும் பிடுங்கிய பிறகு, "இனி வலிக்கப் பல்லே இல்லையே" என்று அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நீங்கள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். பட்டினியாகத்தான் மண்டிக்குப் போனீர்களா?

அப்புறம் பள்ளிவாசலுக்குப் போவது குறைந்தது. ஐந்து வேளையும் விடாத மனுஷன், வீட்டில்கூட ஒளுவை முடிக்கவில்லை. செம்பில் தண்ணீரை எடுப்பீர்கள், கையைக் கழுவுவீர்கள், முகத்துக்குக் கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிடுவீர்கள். நீங்கள் ஏன் தொழ வருவதில்லை என்று ஜமாத்தில் யாரோ கேட்டதில் எனக்கு ரோஷம் வந்தது. வாசலில் நின்று கத்தினேன்.

"ஒரு செம்புத் தண்ணிய மூஞ்சில ஊத்துறதுக்கு என்னத்தா அம்புட்டு சோம்பல்? ஊரு சிரிக்குது."

நீங்கள் கையை மட்டும் தூக்கினீர்கள். பேசினாலும் வெட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீம்பு பிடிக்கிறீர்கள் என்று நானும் ஒரு வாரம் உங்களிடம் பேசவில்லை.

அதற்கடுத்த வருஷம் நெஞ்சு வலியில் போய்விட்டீர்கள். மையத்தை, உயிரில்லாத உங்கள் உடம்பைக் குளிப்பாட்டும்போது உங்களுக்கு ஒளு செய்துவைக்கும் பொறுப்பு மகனான எனக்கு வந்தது. நீங்கள் எப்போதும் மூடிவைத்த வலது கன்னத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. குளிப்பாட்ட வந்த பெரியவர், "ஊத்துப்பா, இனிமே வலிக்காது" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது அத்தா. நாங்கள் மூன்று பல்லைப் பிடுங்கியும் தெரிந்துகொள்ளாததை, முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்து வைத்திருக்கிறார்.

இப்போது என் கதையைக் கேளுங்கள். நான் நடத்திக்கொண்டிருந்த எஸ்.டி.டி. பூத் செல்போன் கடையாகிவிட்டது. போன் கடைக்காரன் போனைக் காதில் வைக்கப் பயப்படுகிறான் என்றால் நம்புவீர்களா? ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன். ஷேவ் செய்வதில்லை. நபி வழியான சுன்னத்துக்காகத் தாடி வைக்கிறேன் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். மின்விசிறிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். ஏழெட்டு மாதம் என் வீட்டுக்காரி ரஹிமாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு கிறுக்குப் புத்தி.

யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். "இது பல்லு இல்லைங்க. முகத்து நரம்பு. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் அதுல உரசிக்கிட்டு இருக்கு" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி நின்றது. சந்தோஷப்பட வேண்டியவன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். ஒரு சின்ன மாத்திரை அத்தா. நம் பஜாரிலேயே விற்கிறது.

ஆனால் அது நிலைக்கவில்லை. தலை சுற்றியது. வாடிக்கையாளர் பெயர்கள் மறந்தன. நாலு மாதத்தில் வலி திரும்பவும் வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள், அதையும் தாண்டி வந்தது. அடுத்த வெட்டு எப்போது என்று காத்திருப்பதுதான் வலியைவிடக் கொடுமை. ஒரு வாய் சோறு எடுத்தால் பயம். கொட்டாவி வந்தால் பயம். நீங்களும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பீர்கள், யாரிடமும் சொல்லாமல்?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒருநாள் கேட்டே விட்டேன். முகத்தில் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது, தொழுகையை என்ன செய்வது என்று. அவர், "முடிஞ்ச எடத்தக் கழுவு. முடியாத எடத்த விட்டுரு. இதுக்கா இம்புட்டு நாளா மருகிட்டு இருந்த?" என்றார். அவ்வளவுதான் அத்தா. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். உங்களுக்காக நான் கேட்டிருக்கலாம். நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

போன வாரம் காலையில் சபியா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். உங்கள் பேத்தி, ஒன்பது வயது. "அத்தா, இங்கன வலிக்குது" என்றாள். வலது பக்கம். "தண்ணி பட்டா வெட்டுதா? காத்து பட்டா வெட்டுதா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பிள்ளை மிரண்டு அழுதது. ரஹிமா ஓடிவந்து வாயைத் திறந்து பார்த்தாள். ஆடுகிற பால் பல்.

ரஹிமா பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அவளுக்குப் பல்லு ஆடுது. ஒங்களுக்கு என்ன ஆகுது?" என்றாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கதையையும் சொன்னேன். சபியா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நன்னாவுக்கு யாருமே மாத்திரை வாங்கித் தரலையாத்தா?" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் திறந்து, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் சின்னதாக ஒரு பஞ்சு வைப்பார்களாம். காது கேட்காமல் போகலாம், வாய் கோணலாம், வலி போகாமலும் இருக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பரம்பரையாக வருமா என்று கேட்டேன். "பெரும்பாலும் வராதுங்க" என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்க விடவில்லை. சபியாவுக்கும் நம் ஜாடைதான் அத்தா.

பயமாக இருக்கிறது. இந்த வயதில் இதை வேறு யாரிடம் சொல்வது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிழைத்து வந்தால், முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நீங்கள் உட்காரும் அதே படியில் உட்கார்ந்து ஒளு செய்வேன். வலித்தால் ஹவுளில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன். அப்படியே, என் அத்தா சோம்பலில் தொழுகையை விடவில்லை என்றும் சொல்வேன். அன்றைக்கு வாசலில் நின்று கத்தியபோது தெருவே கேட்டது. இதையும் அதே சத்தத்தில் சொல்வேன் அத்தா.

உங்கள் முகத்தை வாங்கிக்கொண்டு பிறந்த மகன்,
காதர்